கிராப் கேமராவுக்கு 50 எதுக்கு மக்கா?

புதுசா கேமரா வாங்கிய எல்லாரும் மூணு மாசத்துக்குள்ள ஒரே இடத்தில் வந்து நிற்பாங்க. கூட வந்த 18-55 கிட் லென்ஸ் அலுத்துப் போயிருக்கும். வெளியே வெயிலில் எடுத்தால் படம் ஜோரா வருது, வீட்டுக்குள்ள எடுத்தால் புள்ளி புள்ளியா, ஆடிப்போய் வருது. கல்யாண வீட்டு போட்டோகிராபர் எடுத்த படத்தில் பின்னால் இருக்கிற சீரியல் லைட்டெல்லாம் உருண்டை உருண்டையா மின்னுது. நாம எடுத்ததில் பின்னால் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி வரைக்கும் எண்ணிப் பார்க்கலாம். உடனே விவரம் தெரிஞ்ச யாரிடமாவது போய்க் கேட்போம். ஒரே பதில்தான் வரும்: "50 எம்எம் எஃப் 1.8 வாங்குல மக்கா, கண்ண மூடிட்டு வாங்கு."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கு எதிர்க்கட்சி.

முதலிலேயே சொல்லிடறேன், 50 மோசமான லென்ஸ் கிடையாது. கொடுக்கிற காசுக்கு அதைவிடத் தெளிவா படம் தரும் லென்ஸைத் தேடித்தான் பிடிக்கணும். என் வாதம் வேறே. நம்ம கையில் இருக்கிற பெரும்பாலான கேமராக்கள் கிராப் சென்சார் கேமராக்கள். நாம எடுக்கப் போறது பெரும்பாலும் வீட்டு மனுசங்களை, தெருவை, கோயில் கொடையை, கல்யாணத்தை. அதுக்கு முதல் பிரைம் லென்ஸ் 50 ஆக இருக்கக் கூடாது. 35-ஐச் சுற்றி, இல்லேன்னா அதுக்கும் கீழே. ஏன் என்று வரிசையா சொல்றேன். கணக்கு கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான். :-)

தெரியாதவங்களுக்கு ஒரு வரி: பிரைம் என்றால் ஜூம் இல்லாத லென்ஸ். 35 என்றால் 35 மட்டும்தான். ஜூமை விட்டுக் கொடுத்ததுக்குப் பதிலா அகலமான துவாரம், குறைஞ்ச எடை, குறைஞ்ச விலை கிடைக்கும்.

இந்த 50 எங்கேயிருந்து வந்தது?

1925-ல் ஜெர்மனியில் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்தது. சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மி.மீ. பிலிமையே படுக்கைவசமாக ஓடவிட்டு, 36-க்கு 24 மி.மீ. அளவில் படம் எடுக்கிற கேமரா. அதில் பொருத்தியிருந்த லென்ஸ் 50 மி.மீ. பொதுவா படச் சட்டத்தின் மூலைவிட்டம் எவ்வளவோ, அதை ஒட்டிய குவிய தூரம் இருந்தால் பார்வை இயல்பா இருக்கும் என்பாங்க. 36-க்கு 24-இன் மூலைவிட்டம் சுமார் 43 மி.மீ. 50 அதுக்குப் பக்கத்தில் இருக்கு. அதுக்கப்புறம் எழுபது எண்பது வருஷம் இதுவே வழக்கமாகிப் போச்சு. ருஷ்யாவின் ஸெனிட்டோடு 58 வரும், பென்டாக்ஸ் கே1000-ஓடு 50 வரும். இன்னைக்கு 18-55 கிட் லென்ஸ் வருவது போல அன்னைக்கு 50 தான் கிட் லென்ஸ். "50 வச்சுப் பழகு, அதுதான் கண்ணுக்குப் பக்கம்" என்ற வாத்தியார் பேச்செல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு. அன்னைக்கு அது நூத்துக்கு நூறு சரி.

பிறகு டிஜிட்டல் வந்தது. 36-க்கு 24 அளவில் சிலிக்கான் சென்சார் செய்வது ரொம்பச் செலவு பிடிச்ச வேலை. ஒரு தட்டிலிருந்து வெட்டுகிற சில்லு பெருசானால் எண்ணிக்கையும் குறையும், பழுதாகிற விகிதமும் கூடும். அதனால் 1999-ல் வந்த நிக்கான் டி1, 2003-ல் வந்த கேனான் 300டி எல்லாம் சின்ன சென்சாரோடு வந்தன. நிக்கான், சோனி, ஃபூஜியில் சுமார் 23.5-க்கு 15.6 மி.மீ.; கேனானில் 22.3-க்கு 14.9 மி.மீ. பரப்பளவு பார்த்தால் முழுச் சட்டத்தில் பாதிக்கும் கீழே. இதைத்தான் ஏபிஎஸ்-சி என்கிறாங்க, கிராப் என்கிறாங்க.

லென்ஸ் அதே உருவத்தைத்தான் உள்ளே வரைகிறது. சென்சார் அதில் நடுவில் இருக்கிற துண்டை மட்டும் எடுத்துக்குது. அதனால் கேனான் கிராப்பில் 50 போட்டால் முழுச் சட்டத்தில் 80 போட்ட மாதிரி குறுகிப் போகும், நிக்கானில் 75. அதாவது சென்சார் சுருங்கிடுச்சு, அறிவுரை மட்டும் சுருங்காம அப்படியே நிற்குது. பழைய வாத்தியார் சொன்ன "50" என்கிற பார்வை கிராப்பில் வேணும் என்றால் 31-லிருந்து 33-க்குள் ஒரு லென்ஸ் வேணும். கடையில் கிடைப்பதில் அதுக்கு நெருக்கம் 30, 35.

50-க்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் தவறாமல் இழுக்கிற பெயர் கார்ட்டியே பிரெஸோன். பிரெஞ்சுக்காரர். லைக்காவும் 50 மி.மீ. லென்ஸுமாகவே பெரும்பாலும் வாழ்ந்தவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமணர் மறைவதற்குச் சில நாட்கள் முன்பு அவரைப் படம் எடுத்தவர். அவரே 50 வச்சுத்தானே எடுத்தார், உனக்கென்ன என்று கேட்பாங்க. ஐயா, அவர் 50 போட்டது 36-க்கு 24 பிலிமில். அவர் பார்த்த அகலத்தை நம்ம கேமராவில் பார்க்கணும்னா 35 தான் போடணும். அவர் பெயரைச் சொல்லி நமக்கு 50 விற்பது, அப்பா சட்டை அளவைச் சொல்லிப் பையனுக்குத் துணி எடுப்பது மாதிரி.

இடையில் ஒண்ணு. கிராப் என்றதும் ஏதோ குறைப்பிறவி மாதிரி சிலர் வருத்தப்படறாங்க. சினிமா பிலிம் கேமராவில் அதே 35 மி.மீ. பிலிம் மேலிருந்து கீழே ஓடும். ஒரு சட்டத்தின் அகலம் சுமார் 22 மி.மீ. தான். அதாவது கிட்டத்தட்ட நம்ம கிராப் சென்சார் அகலம். 1981-ல் 'அலைகள் ஓய்வதில்லை', 1986-ல் 'கடலோரக் கவிதைகள்' என்று நம்ம முட்டம் கடற்கரையைத் தமிழ்நாடு பூரா பார்த்தது அந்த மாதிரி அகலமுள்ள பிலிமில்தான். முட்டம் பாறை அதில் சின்னதாகவா தெரிஞ்சுது? சென்சார் அளவைப் பற்றி வருத்தம் வேண்டாம். அதுக்கேற்ற லென்ஸைப் போட்டால் போதும்.

சரி, கணக்குக்கு வருவோம்.

எவ்வளவு அகலம் படத்தில் விழும் என்பதுக்கு ஒரு எளிய வழி: சென்சார் அகலத்தைக் குவிய தூரத்தால் வகுத்து, நிற்கிற தூரத்தால் பெருக்கணும். பத்தடி தள்ளி நின்று கேமராவைப் படுக்கைவசமா பிடிச்சால்,

கேனான் கிராப்பில் 50: சுமார் நாலரை அடி அகலம்.
நிக்கான் கிராப்பில் 35: சுமார் ஆறே முக்கால் அடி.
கேனான் கிராப்பில் 28: சுமார் எட்டு அடி.
கேனான் கிராப்பில் 24: சுமார் ஒன்பதே கால் அடி.

இப்போ நம்ம ஊர் வீட்டுக்குள்ள வாங்க. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் நம்ம பக்கம் தாராளமான அறை. அதில் ஒரு கட்டில், ஒரு பீரோ. சுவரோடு சுவரா முதுகை ஒட்டி நின்றால் எதிர்ச் சுவரில் நிற்கிற ஆளுக்கும் நமக்கும் ஒன்பது, பத்தடி கிடைக்கும். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருத்தரைக் கேமராவை நிமிர்த்திப் பிடிச்சு தலை முதல் கால் வரை எடுக்கணும் என்றால், கேனானில் 50 போட்டால் பன்னிரண்டே கால் அடி வேணும். அதுவும் தலைக்கு மேலே காலுக்குக் கீழே ஒரு விரல் இடம்கூட இல்லாமல். நிக்கானில் 35 போட்டால் எட்டடி சொச்சம். கேனானில் 24 போட்டால் ஆறடி.

பந்தியை எடுத்துக்கோங்க. நாலு பேர் வரிசையா இலை போட்டு உட்கார்ந்திருக்காங்க, எட்டடி நீளம் என்று வைப்போம். கேனான் 50-க்குப் பதினெட்டு அடி பின்னால் போகணும். பந்தியில் பதினெட்டு அடி பின்னால் போனால் அடுத்த பந்திக்காரர் இலையில்தான் நிற்கணும். நிக்கான் 35-க்குப் பன்னிரண்டு அடி. கேனான் 24-க்கு எட்டரை அடி.

"காலால் ஜூம் பண்ணிக்கோ" என்று ஒரு வசனம் வச்சிருக்காங்க. மைதானத்தில் சரி. முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் காலுக்கு என்ன வேலை? முன்னால் போவது எப்பவும் முடியும். பின்னால் போவதுதான் முடியாது. 35-இல் கொஞ்சம் அதிகமா விழுந்தது என்றால் வீட்டுக்கு வந்து ஓரத்தை வெட்டிக்கலாம். 24 மெகாபிக்சல் கேமராவில் 35-இன் படத்தை 50-இன் அகலத்துக்கு வெட்டினாலும் சுமார் 12 மெகாபிக்சல் மிஞ்சும். ஒரு நல்ல பிரிண்ட் போட அது போதும். 50-இல் விழாமல் போனதை எந்த சாஃப்ட்வேரில் போய்க் கூட்டுவீங்க?

இனி வெளிச்சம்.

பிரைம் வாங்குவதே வெளிச்சத்துக்காகத்தான். 18-55 கிட் லென்ஸ் 55-க்கு வரும்போது துவாரம் எஃப் 5.6-ல் நிற்கும். எஃப் 1.8 அதைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம் விடும். தோவாளைப் பூச்சந்தையை நினைச்சுக்கோங்க. விடியுமுன்னே விளக்கு வெளிச்சத்தில் வியாபாரம் சூடு பிடிச்சுடும். பூக்கட்டுகிற விரல் ஒரு நொடி நிற்காது. கிட் லென்ஸில் 30-ல் ஒரு நொடி என்று ஷட்டர் வேகம் வந்தால், அதே ஐஎஸ்ஓ-வில் எஃப் 1.8 போட்டால் 300-ல் ஒரு நொடி வரும். விரல் விரலா தெரியும். கிட் லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கே என்பீங்க. அது நம்ம கை நடுங்குவதைத்தான் சரி பண்ணும். பூக்காரம்மா கை ஆடுவதை அது என்ன செய்யும்?

இந்த வெளிச்சக் கணக்கில் எஃப் 1.8 உள்ள 35-உம் எஃப் 1.8 உள்ள 50-உம் ஒண்ணுதான். பூச்சந்தைக்கு வெளிச்சம் வேணும் என்பது 50-க்கு ஆதரவான வாதமே இல்லை. ஆனால் எஃப் 2.8 உள்ள 24-க்கு இதில் ஒரு அடி விழும், மறைக்க மாட்டேன். எஃப் 1.8-ஐ விட அது இரண்டரை மடங்கு வெளிச்சம் குறைவு. கிட் லென்ஸே 24-ல் எஃப் 4 பக்கம் இருக்கும். அதோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குதான் லாபம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. நாலடி தூரத்தில் எஃப் 1.8-ல் 50 வச்சு எடுத்தால் கூர்மையா இருக்கிற ஆழம் இரண்டு அங்குலம்கூட வராது. கண் கூர்மையா இருக்கும், காது மங்கிப் போகும். ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒருத்தர்தான் தெளிவு. 35 எஃப் 1.8-ல் அதே தூரத்தில் மூன்றரை அங்குலம். 24 எஃப் 2.8-ல் கிட்டத்தட்ட ஒரு அடி. இருட்டில் எஃப் 1.8-ஐத் திறந்து வச்சுத்தான் எடுக்கப் போறோம் என்றால், பூவும் கையும் முகமும் சேர்ந்து தெரிவதுக்கு எந்த லென்ஸ் வசதி என்று நீங்களே சொல்லுங்க.

இப்போ அந்த மங்கல் விஷயம். உண்மையில் 50 இவ்வளவு விற்பதுக்குக் காரணம் அதுதான். பின்னால் எல்லாம் கரைஞ்சு போய் முகம் மட்டும் துலங்குவது. முகம் படத்தில் ஒரே அளவில் விழுகிற மாதிரி நின்று எடுத்தால், தூரத்துப் பின்புலம் எவ்வளவு கரையும் என்பது லென்ஸ் துவாரத்தின் விட்டத்தைப் பொறுத்தது. 50-ஐ 1.8-ஆல் வகுங்க, சுமார் 28 மி.மீ. 35-ஐ 1.8-ஆல் வகுத்தால் 19 மி.மீ. 24-ஐ 2.8-ஆல் வகுத்தால் 9 மி.மீ. கூட இல்லை. கரைப்பதில் 50 தான் ராஜா, சந்தேகமே இல்லை.

என் கேள்வி, எதைக் கரைக்கிறோம்?

உங்க வீட்டுச் சுவரில் தாத்தா பாட்டி படம் தொங்குதா? ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் ஒரு படுதா. அதில் தூணும் மாடிப்படியும், இல்லேன்னா ஏதோ ஒரு ஊர் ஏரியும் வரைஞ்சிருக்கும். பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதில் பூச்சாடி. பாட்டி முகம் தெரியுது, கம்மல் தெரியுது. ஆனால் அவங்க நின்ன வீடு எப்படி இருந்தது, அடுக்களை எந்தப் பக்கம், தார்சாவில் என்ன கிடந்தது, முற்றத்தில் கிணறு எங்கே, ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு வேற வழியில்லை. வெளிச்சம் ஸ்டுடியோவில்தான் இருந்தது.

இன்னைக்கு வழி இருக்கும்போது, நாமே காசு கொடுத்து ஒரு படுதா வாங்குறோம். எஃப் 1.8-ல் 50 வச்சு ஒரு சின்ன அறையில் எடுத்த படத்தில் முகமும் பின்னால் ஒரு பழுப்புக் கரைசலும்தான் இருக்கும். அது கோட்டாறா, குலசேகரமா, கோயம்புத்தூரா என்று யாரும் சொல்ல முடியாது. நாஞ்சில் நாட்டில் ஓட்டு வீடுகள் ஒவ்வொண்ணா இடிஞ்சுக்கிட்டு வருது. மரத் தட்டு போட்ட மச்சு, நெல் போட்ட பத்தாயம், கல் தொட்டி, ஆட்டுரல் எல்லாம் கான்கிரீட் வீட்டுக்கு வழிவிட்டுப் போகுது. இடிக்கிறதைத் தப்புன்னு சொல்லலை. ஒழுகுற வீட்டில் இருக்கிறவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் இருக்கிற வரைக்கும் அந்த அடுக்களையையும் அதில் நிற்கிற ஆளையும் சேர்த்து ஒரு படத்தில் பிடிக்க முடிந்த தலைமுறை நாமதான். அதுக்கு ஆளை மட்டும் வெட்டி எடுக்கிற லென்ஸ் உதவாது. ஆளும் இடமும் சேர்ந்து விழணும்.

மங்கல்தான் வேணும் என்றால் அதை இப்போ போனே போட்டுக் கொடுக்குது. முடி ஓரத்தில் கொஞ்சம் சொதப்பும். ஒரு சின்னத் திரையில் பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. விடியாத சந்தையில் ஆடுகிற கையைத் துல்லியமாக நிறுத்துவதில்தான் போன் திணறும். கேமராவுக்கென்று தனியா காசு போடுகிறோம் என்றால் போன் திணறுகிற இடத்தில் போடுவதுதான் புத்தி.

50-க்கும் இடம் உண்டு. நியாயமா அதையும் சொல்லணும். கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்குது, மேடைக்குக் கீழே பத்துப் பதினைந்து அடியில் உட்கார்ந்திருக்கீங்க, வில்லடிக்கிறவர் முகம் வேணும். அங்கே 50 அருமை. கல்லூரி விழா மேடைக்கும் அப்படித்தான். ஒருத்தர் முகத்தை மட்டும் நெருக்கமா எடுக்கும்போதும் 50 நல்லது. 35 வச்சு முகம் நிறைய எடுக்கணும்னா மூணடிக்குக் கிட்டே போகணும். அவ்வளவு கிட்டே போனால் மூக்கு கொஞ்சம் பெருசாத் தெரியும். அது லென்ஸின் குற்றமல்ல, தூரத்தின் குணம். ஆக, மேடையும் முகமும்தான் உங்க வேலை என்றால் 50 வாங்குங்க, நான் குறுக்கே நிற்கலை. இரண்டாவது பிரைமாக வாங்குவதுக்கும் 50 சரியான ஆள்.

இனி கம்பெனி வாரியா.

நிக்கான் டிஎஸ்எல்ஆர் இருக்கா? யோசனையே வேண்டாம். 2009-ல் வந்த ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எஃப் 1.8ஜி. கிராப்புக்கென்றே செய்தது, 200 கிராம், ஒரு அடி வரை கிட்டே போகலாம். நான் புழங்குவது இதைத்தான், ஒரு பழைய டி5300-இல். இங்கே ஒரு எச்சரிக்கை: டி40, டி60, டி3000 முதல் டி3500 வரை, டி5000 முதல் டி5600 வரை உள்ள கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் உடம்புக்குள் இல்லை. மலிவாக் கிடைக்குதே என்று 50 எஃப் 1.8டி வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் பண்ணணும். பெயரில் ஏஎஃப்-எஸ் இருக்கா என்று பார்த்து வாங்குங்க. டி90, டி7000 வரிசைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேனான்காரங்க பாடு கொஞ்சம் கஷ்டம். நிக்கானின் டிஎக்ஸ் 35 மாதிரி மலிவான, எஃப் 1.8 உள்ள கிராப் லென்ஸ் ஒன்றைக் கேனான் டிஎஸ்எல்ஆருக்கென்று செய்யவே இல்லை. அதனால்தான் கேனான் வச்சிருக்கிற எல்லாரும் 50 பக்கம் ஓடுறாங்க என்பது என் சந்தேகம். ஆனால் 2014-ல் வந்த இஎஃப்-எஸ் 24 எஃப் 2.8 எஸ்டிஎம் இருக்கு. தட்டையா பிஸ்கட் மாதிரி, 125 கிராம், 16 சென்டிமீட்டர் வரை கிட்டே போகும். முழுச் சட்டக் கணக்கில் சுமார் 38. வெளிச்சம் குறைவு என்ற குறையை மேலேயே சொல்லிட்டேன். அது போதாது என்கிறவங்க சிக்மா 30 எஃப் 1.4 டிசி பழசாக் கிடைக்குதா என்று பாருங்க. 50-தான் என்று பிடிவாதமா இருந்தால், 1990-ல் வந்த பிளாஸ்டிக் கழுத்து 50-ஐ விட்டுட்டு 2015-ல் வந்த எஸ்டிஎம் வாங்குங்க. கழுத்து உலோகம், 45-க்குப் பதில் 35 சென்டிமீட்டர் வரை கிட்டே போகும்.

மிரர்லெஸ் பக்கம் போனவங்களுக்கு வசதி கூடிடுச்சு. கேனான் ஆர்50, ஆர்10 மாதிரி கேமராவுக்கு 2023-ல் வந்த ஆர்எஃப் 28 எஃப் 2.8, முழுச் சட்டக் கணக்கில் 45. நிக்கான் இசட்50, இசட்30-க்கு அதே 2023-ல் வந்த டிஎக்ஸ் 24 எஃப் 1.7. சோனிக்கு சிக்மா 30 எஃப் 1.4, இப்போ அதே லென்ஸ் நிக்கான் இசட்டுக்கும் கேனான் ஆர்எஃப்-க்கும்கூட வந்தாச்சு. ஃபூஜிக்கு எக்ஸ்சி 35 எஃப் 2. கேனானும் நிக்கானும் தங்கள் கவனத்தை மிரர்லெஸ்ஸுக்கு மாற்றிட்டதால் பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் கைமாறி நல்ல விலைக்கு வருது. நம்ம மாதிரி பாக்கெட் மணிக்காரங்களுக்கு அது நல்ல செய்தி.

பழசு வாங்கும்போது ஒண்ணு பார்க்கணும், அது நம்ம ஊருக்கே உரிய வியாதி. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வருஷத்தில் பாதி நாள் காற்றில் ஈரம். லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். வாங்குவதுக்கு முன்னால் துவாரத்தை முழுசாத் திறந்து வச்சு, ஒரு பக்கம் டார்ச் அடிச்சு, மறுபக்கம் வழியா பாருங்க. சிலந்தி வலை மாதிரி இழை தெரிஞ்சால் விலை எவ்வளவு குறைஞ்சாலும் வேண்டாம். வாங்கின லென்ஸை கேமரா பையிலேயே மாசக்கணக்கில் போட்டு வைக்காதீங்க. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, வாரம் ஒருதரம் வெளியே எடுங்க. முட்டத்திலும் சின்னமுட்டத்திலும் அலைக்குப் பக்கத்தில் நின்று லென்ஸ் மாற்றவும் வேண்டாம். காற்றில் உப்பு இருக்கு. கடற்கரைக்குப் போகும் முன்னாலேயே எந்த லென்ஸ் என்று முடிவு பண்ணி மாட்டிட்டுப் போறது நல்லது.

கடைசியா, நான் இவ்வளவு பேசினதையும் நம்ப வேண்டாம். உங்க கையிலேயே ஒரு பரிசோதனைச் சாலை இருக்கு. 18-55 கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35-ல் வச்சு ஒரு டேப் ஒட்டுங்க. ஒரு வாரம் அதை உரிக்காதீங்க. அடுத்த வாரம் 50-ல் ஒட்டுங்க. அதுக்கடுத்த வாரம் 24. வீட்டில், பஸ் ஸ்டாண்டில், கல்லூரி கேன்டீனில், எல்லா இடத்திலும் எடுங்க. முடிஞ்சால் ஒரு நாள் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்க. தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசு பராமரிக்கிற அரண்மனை, திங்கட்கிழமை லீவு, கேமராவுக்குத் தனிக் கட்டணம். தணிவான கதவு, குறுகலான படி, மைக்கா பதிச்ச ஜன்னல் வழியா வருகிற அடங்கின வெளிச்சம். கிராப் கேமராவுக்கு எந்த லென்ஸ் சரி என்பதைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் கிடையாது. மந்திரசாலையில் 50-ல் டேப் ஒட்டிட்டு நின்று பாருங்க, எவ்வளவு விழுதுன்னு.

சிலர் பழைய படங்களின் எக்ஸிஃப் விவரத்தைப் பார்த்து எந்த எண் அதிகமா வந்திருக்கோ அதை வாங்கச் சொல்வாங்க. அது அவ்வளவு சரிப்படாது. ஜூமைக் கையில் கொடுத்தால் எல்லாரும் ஒண்ணு இந்த ஓரம் 18-க்குத் தள்ளுவோம், இல்லே அந்த ஓரம் 55-க்குத் தள்ளுவோம். அது நமக்குப் பிடிச்ச அளவு இல்லை, வளையம் முட்டி நிற்கிற இடம். டேப் ஒட்டினால்தான் எது பற்றலை, எது கூடிப்போச்சு என்று உடம்புக்குத் தெரியும்.

மூணு வாரம் முடிஞ்சதும் படங்களைப் பார்க்கும்போது "இன்னும் கொஞ்சம் பின்னால் போயிருந்தால்" என்று எந்த எண்ணில் அதிகமாத் தோணுதோ, அந்த லென்ஸை வாங்காதீங்க. "இன்னும் கொஞ்சம் முன்னால் போயிருக்கலாம்" என்று எதில் தோணுதோ அதை வாங்குங்க. முன்னால் போறது அடுத்த முறை உங்க கையில் இருக்கு.

டேப் பத்து ரூபாய் சமாச்சாரம். வர்ற லீவுக்கு ஊருக்குப் போறவங்க மறக்காம ஒரு சுருள் எடுத்துட்டுப் போங்க. முதல் வாரம் 35.